பக்கத்து சீட்டில் யார் உட்கார வேண்டும்?

என் தம்பிக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் நாற்றுப்பண்ணையில் விதை போடுவதிலிருந்து குழித்தட்டில் நாற்று தேறி வருவதுவரை எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் தேறிய நாற்றை வாங்குபவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரியாது. தட்டுகளை அடுக்கி முடித்ததும் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவது அவன் வேலை. அவன் போனதும் வேன் கொட்டகையில் நின்றுவிட்டது. நாற்று நிற்காதே! தக்காளி நாற்று 25 நாளில் வயலுக்குப் போய்விட வேண்டும். தள்ளிப்போனால் குழிக்குள்ளேயே வேர் சுருண்டுகொள்ளும், தண்டு வெளுத்து நீளும். வாடகை வண்டி எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினேன். அதற்குமேல் முடியவில்லை. 41 வயதில் வண்டி ஓட்டப் பழகுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் ஊர் ஆற்றை ஒட்டி நீளவாக்கில் கிடக்கிற ஊர். வெளியே போக ஒரே சாலைதான், அதுவும் கரையின் மேலேயே போகிறது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஆளுயரப் பள்ளத்தில் வயல். கரைக்கு ஏற ஒரு சரிவு, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பழைய பாலம், வெள்ளம் வந்தால் முழுகிவிடும் ஒரு தரைப்பாலம். டவுன் 20 கிலோமீட்டர். டிரைவிங் ஸ்கூல்கள் எல்லாம் அங்கேதான். ஊருக்குள் வந்து சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பதே அரிது என்பதால், வருகிறேன் என்று சொன்ன முதல் ஸ்கூலிலேயே சேர்ந்துவிட்டேன். 15 வகுப்புக்கான பணத்தையும் மொத்தமாகக் கட்டினேன்.

அதில் முதல் ஏழு வகுப்பு நடந்தது. ஏழு வகுப்புக்கு மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள். ஒவ்வொருவரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படிப் பிடி என்றால் அடுத்தவர் அப்படிப் பிடிக்காதே என்றார். வகுப்பு ஒரு மணி நேரம் என்று பேச்சு. டவுனிலிருந்து அவர்கள் வந்து சேரும் நேரமும் திரும்பிப் போகும் நேரமும் அதற்குள்ளேயே அடங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. என் கையில் வண்டி இருந்தது 20 நிமிடம்தான். ஆனாலும் நான் சந்தோஷமாகவே இருந்தேன். ஏனென்றால் வண்டி அழகாக ஓடியது. ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை.

ஏழாவது வகுப்பில் என் மகள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது, "அம்மா, நீ காலைத் தூக்கும்போதெல்லாம் அவர் காலும் தூக்குதே, ஏன்?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று புரியவில்லை. பயிற்சி வண்டியில் கற்றுத் தருபவர் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். அவசரத்துக்கு அவர் மிதிப்பதற்காக வைத்திருப்பது அது. எட்டாவது வகுப்பில் கேட்டுவிட்டேன்: "சார், இன்னைக்கு மட்டும் காலை முழுசா பின்னாடி இழுத்து வச்சுக்குங்க. நானே எடுத்துப் பார்க்கிறேன்." அன்றைக்கு எங்கள் வாசலிலேயே 11 முறை வண்டி ஆஃப் ஆனது. தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

அந்த ஏழு வகுப்பிலும் நான் பழகியது ஸ்டீயரிங்கைத் திருப்ப மட்டும்தான். வண்டியை ஓட்டியது பக்கத்து சீட்டில் இருந்த கால்கள். நடுரோட்டில் வண்டி நின்றுவிடக் கூடாது என்ற கவலையில் அவர்கள் அப்படிச் செய்திருக்கலாம், நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஓட்ட வராது என்பது எனக்கே தெரியாமல் இருந்ததே, அதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. மீதி வகுப்புப் பணம் திரும்பி வரவில்லை. நீங்கள் இப்போது எங்காவது பழகிக்கொண்டிருந்தால், நாளைக்கே ஒருமுறை அவரைக் காலை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு கற்றிருக்கிறீர்கள் என்பது அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம் சித்தப்பா. 30 வருடமாக ஓட்டுபவர், என்மேல் உயிரையே வைத்திருப்பவர். "வெளியாள் எதுக்கு, நான் இருக்கேன்ல" என்று எங்கள் வேனிலேயே உட்கார வைத்தார். அவர் பக்கம் பிரேக் இல்லை, அதனால் என்னைவிட அவருக்குத்தான் பயம் அதிகம். கரைச் சாலையில் மூன்றாவது நாள், எதிரே ஒரு டிராக்டர் வந்தது. நான் கொஞ்சம் ஆற்றுப் பக்கம் ஒதுங்கினேன். அவர் "ஆறு! ஆறு!" என்று கத்தினார். நான் ஆற்றைப் பார்த்தேன். வண்டி அப்படியே ஆற்றுப் பக்கம் சாய்ந்து போனது. ஓரத்துக் கல்லில் முன்சக்கரம் இடித்து நின்றது. யாருக்கும் அடி இல்லை. வீட்டுக்கு வந்து இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் படித்தபோதுதான், பழகுபவர் ஓட்டினால் அதற்குத் தனியாக நிபந்தனைகள் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. பழகுநர் உரிமம், பக்கத்தில் உட்காருபவருக்கு இருக்க வேண்டிய தகுதி, இன்சூரன்ஸ், எல் போர்டு இதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். சொந்தக்காரரோடு பழகுவதாக இருந்தால் சாவியைத் தொடும் முன்னே இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

அந்தக் கல்லுக்குப் பிறகு ஒரு மாதம் வேன் பக்கமே போகவில்லை. ஆனால் நாற்று தேறிக்கொண்டேதான் இருந்தது. இந்த முறை தேடும் விதத்தை மாற்றினேன். "நல்லா சொல்லிக்கொடுக்கிறவங்க யாரு?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயரைச் சொல்வார்கள், பெரும்பாலும் சொந்தக்காரர் பெயராக இருக்கும். அதனால் எங்கள் கரைச் சாலையில் தினமும் வந்து போகிறவர்களைப் பிடித்தேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், பால் வண்டிக்காரர், தபால் கொண்டுவருபவர், அப்புறம் சமீபத்தில் பழகிய இரண்டு பெண்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, தப்பு பண்ணினா அவங்க என்ன செய்வாங்க?" பாதியில் விட்டுவிட்ட ஒருவரிடமும் போய், ஏன் விட்டார் என்று கேட்டேன். பாஸ் ஆனவர் எல்லாவற்றையும் நல்லபடியாகத்தான் சொல்வார். விட்டுப்போனவர் சொல்வதில்தான் நமக்கு வேண்டிய விவரம் இருக்கும்.

ஐந்து பேரில் இரண்டு பேர் ஒரே ஆளைச் சொன்னார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஒரு அம்மா. 22 வருடம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவர், இப்போது தன் சொந்தப் பயிற்சி வண்டியில் வாரத்துக்குச் சில பேருக்கு மட்டும் எடுக்கிறார். வீட்டு வாசலில் போர்டுகூடக் கிடையாது. எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பால் வண்டிக்காரர் சொன்ன ஒரு வரிக்காகத்தான் பாலத்தைத் தாண்டி அவரைப் பார்க்கப் போனேன்: "தப்பு பண்ணினா ஓரமா நிறுத்தச் சொல்லுவாங்க. என்ன நடந்துச்சுன்னு நம்மளையே சொல்லச் சொல்லுவாங்க."

கேள்வி கேட்கலாம் என்று போனால் அவர்தான் என்னைக் கேட்டார். எதற்காக ஓட்டப் போகிறாய், எந்த வண்டி, எந்த நேரத்தில், எந்த ரோட்டில். 20 மீட்டர் தள்ளி நின்ற ஒரு வண்டியின் நம்பரைப் படிக்கச் சொன்னார். முன்பு என்ன நடந்தது என்று கேட்டார். கால் விஷயத்தையும் கல் விஷயத்தையும் சொன்னேன். சிரிக்கவில்லை. "என் கால் பெடல் மேல இருக்காதும்மா, பக்கத்துல இருக்கும். நான் மிதிச்சா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் மிதிப்பேன்" என்றார். பணம் வகுப்புக்கு வகுப்பு கொடுத்தால் போதும். வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், நான் ஸ்டீயரிங் பிடித்ததிலிருந்துதான் கணக்கு. மொத்தம் எத்தனை வகுப்பு ஆகும் என்று கேட்டதற்கு, "நாலு வகுப்பு முடிஞ்சதும் சொல்றேன், இப்ப சொன்னா அது பொய்" என்றார். எனக்கு நிம்மதியானது அந்தப் பதிலில்தான். எடுத்த எடுப்பிலேயே பத்து நாளில் ஓட்ட வைத்துவிடுகிறேன் என்று சொல்கிறவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

முதல் வகுப்பில் வண்டி நகரவே இல்லை. சீட்டைச் சரிசெய்வதற்கே 15 நிமிடம். கிளட்சை முழுதும் மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். முதுகு சீட்டில் ஒட்டியிருக்கும்போது, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும். நான் அதுவரை எல்லோரையும் போல முன்னால் எக்கி உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் அரைமணியில் தோள் வலித்தது. என் செருப்பைப் பார்த்துவிட்டு, "இது கழண்டு பிரேக்குக்கு அடியில போச்சுன்னா என்ன பண்ணுவே?" என்றார். அடுத்த வகுப்பிலிருந்து பின்பக்கம் பட்டை வைத்த செருப்பு.

இரண்டாவது வகுப்பு முழுக்க கிளட்ச். காலியான, கெட்டியான ஒரு மைதானத்தில், ஆக்சிலேட்டரைத் தொடவே கூடாது. முதல் கியர் போட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, கிளட்சை நூல் நூலாக விட வேண்டும். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனக்கும். ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் வரும். வண்டியின் மூக்கு ஒரு விரல் அளவு எழுந்ததுபோல் இருக்கும். "அங்க நில்லு. மூச்சு விடு. அதுதான் கடிக்கிற இடம்" என்பார். அங்கேயே காலை இரண்டு நொடி நிறுத்தினால் வண்டி தானாக நகரும். மறுபடி மிதி, நிறுத்து, மறுபடி விடு. ஒரு மணி நேரத்தில் 40 தடவைக்கு மேல் செய்திருப்பேன். ஏழு வகுப்பில் பிடிபடாதது அந்த மைதானத்தில் பிடிபட்டது. காரணம் வேறொன்றுமில்லை, அது என் கால்.

ஐந்தாவது வகுப்புக்கு முன்னால் போன் செய்து, "நாளைக்கு வரும்போது ரெண்டு தட்டு நாற்று எடுத்துட்டு வா, வித்துப் போறதா இருக்க வேணாம், கழிச்சது போதும்" என்றார். 98 குழித் தட்டு இரண்டைப் பின்சீட்டில் வைத்தோம். முதல் திருப்பத்திலேயே ஒரு தட்டு நழுவியது. முதல் பிரேக்கில் இரண்டும் முன்னால் வந்து இடித்து, சீட்டு முழுக்கத் தட்டிலிருந்த தென்னை நார்க்கழிவு. வண்டியை நிறுத்தி இருவரும் பின்னால் திரும்பிப் பார்த்தோம். "இது உனக்குத் தெரிஞ்ச பாஷை. என்ன சொல்லுது?" என்றார். நான் பார்த்துச் சொன்னேன்: நாற்று எல்லாம் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அப்படியானால் பிரேக்கைத் தாமதமாகத் தொட்டு அழுத்தமாக மிதித்திருக்கிறேன். அன்றிலிருந்து தூரத்திலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கைச் சீக்கிரம் லேசாகத் தொட்டு, நடுவில் அழுத்தி, வண்டி நிற்கப்போகும் அந்தக் கடைசி நொடியில் பிரேக்கை ஒரு நூல் தளர்த்தப் பழகினேன். அந்தத் தளர்த்தலைச் செய்துவிட்டால் நிற்கும்போது வரும் குலுக்கல் இருக்காது. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டுத் திருப்பினால் தட்டு நகராது. திருப்பத்துக்குள் போய்ப் பிரேக் பிடித்தால் நகரும். இப்படி ஒவ்வொன்றையும் அந்த இரண்டு தட்டு சொல்லிக்கொடுத்தது. உங்களிடம் நாற்று இல்லாவிட்டால், பின்சீட்டில் ஒரு பந்தை வைத்துப் பாருங்கள்.

பிறகு கரைச் சாலை. எனக்குக் கையெல்லாம் வேர்த்தது. டீச்சர் ஆற்றைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்த வளைவுல தெரியுதே மரம், அதுக்குப் பக்கத்துல ரோடு எங்க போகுதுன்னு பாரு. அங்கேயே பாரு" என்றார். கண் எங்கே போகிறதோ அந்தப் பக்கம்தான் கையும் இழுக்கும். அதனால்தான் சித்தப்பா ஆறு என்றதும் நான் ஆற்றுக்குப் போனேன். வண்டிக்கு முன்னால் இருக்கும் பத்தடியைப் பார்த்து ஓட்டினால் ஸ்டீயரிங் இங்கும் அங்கும் ஆடும். தூரத்தில் போகவேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி கோடு போட்டதுபோல் போகும். பக்கத்தில் உட்காருபவர் எதைச் செய்யக் கூடாது என்று கத்தாமல் எங்கே பார்க்க வேண்டும் என்று சொன்னால் எவ்வளவு வித்தியாசம்! மழை பெய்த மறுநாள் வேண்டுமென்றே என்னை அழைத்துப் போய், சாலையின் விளிம்பு மண் எப்படி இளகிக் கிடக்கிறது என்று இறங்கிக் காட்டினார். ஒரு சக்கரம் அதில் இறங்கிவிட்டால் பதறி ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக் கூடாது, வண்டி குறுக்கே பாய்ந்துவிடும். நேராகவே பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெல்ல மேலே ஏற்ற வேண்டும்.

கரைச் சரிவில் ஏறுவதற்கு ஹேண்ட்பிரேக் முறை. கிளட்சைக் கடிக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, மூக்கு எழுவது தெரிந்த பிறகே ஹேண்ட்பிரேக்கை விடுவது. மைதானத்தில் 40 தடவை செய்தது இங்கே கைகொடுத்தது. இறங்கும்போது நான் சித்தப்பா சொல்லிக்கொடுத்தபடி நியூட்ரலுக்குத் தள்ளினேன், பெட்ரோல் மிச்சமாகும் என்று. டீச்சர் உடனே ஓரம் கட்டச் சொன்னார். இப்போதைய இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் போவதே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், நியூட்ரலில் இன்ஜினின் பிடி போய்விடும், முழுப் பாரமும் பிரேக்கின் தலையில். நீண்ட இறக்கமானால் பிரேக் சூடேறிப் பிடி தளரும்.

அப்போதுதான் பெர்த்தா பென்ஸ் பற்றிச் சொன்னார். 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில் மான்ஹைமிலிருந்து தன் அம்மா வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு 100 கிலோமீட்டருக்கு மேல் அவர் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியைக் கொண்டுபோனவர். உலகத்தில் முதல் நெடுந்தூரக் கார் பயணம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்துக்கொண்டாராம். ஏற்றங்களில் மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். ஊர் திரும்பிய பிறகு அவர் சொன்னதை வைத்துத்தான் ஏற்றத்துக்கென்று இன்னொரு கியர் சேர்த்தார்கள். "ஏத்தத்தையும் இறக்கத்தையும் முதல்ல யோசிச்சு ஓட்டினது ஒரு பொம்பளைதாம்மா, நீ எதுக்குப் பயப்படறே?" என்றார். எனக்கு அன்று அது எவ்வளவு பெரிய தெம்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. இறக்கத்தில் இரண்டாவது கியர், அதற்குமேல் தேவைக்குப் பிரேக். இப்போது சித்தப்பாவும் அப்படித்தான் இறங்குகிறார்.

ஆறு பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊரில் பல பேர் சீட் பெல்ட் போட மாட்டார்கள். வண்டி தண்ணீரில் விழுந்தால் பெல்ட் மாட்டிக்கொள்ளும் என்று நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டீச்சர் இதற்காகவே ஒரு வகுப்பில் பாதி நேரம் ஒதுக்கினார். தண்ணீரில் விழும்போது முதலில் நடப்பது மோதல். பெல்ட் இல்லாமல் தலையில் அடிபட்டு மயங்கிவிட்டால் எப்படி வெளியே வருவது? நினைவோடு இருக்கிறவருக்குத்தான் தப்பிக்க வழி. பெல்ட்டைக் கழற்று, கதவைத் தொடாமல் பக்கவாட்டுக் கண்ணாடியை உடனே இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பு, நீயும் போ. எல்லாம் ஏறக்குறைய முதல் நிமிடத்துக்குள். தண்ணீர் வெளியிலிருந்து அழுத்துவதால் கதவு திறக்காது, திறந்தால் வண்டி சீக்கிரம் முழுகும். கண்ணாடி இறங்காவிட்டால் உடைக்க வேண்டியது பக்கவாட்டுக் கண்ணாடியை. முன்கண்ணாடி நடுவில் படலம் வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர லேசில் வழிவிடாது. கண்ணை மூடிக்கொண்டு பெல்ட் பொத்தானைத் தொடவும் கண்ணாடி சுவிட்சைத் தொடவும் பத்துத் தடவை பழக்கினார். அன்றிலிருந்து எங்கள் வேனில் யார் ஏறினாலும் பெல்ட் போட்ட பிறகுதான் சாவி திரும்பும்.

தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் போகவே கூடாது, அவ்வளவுதான். 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஓடும் தண்ணீரே சின்னக் காரைத் தள்ளிக்கொண்டு போய்விடும். 60 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலான வண்டிகள் நிற்காது. அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று மேலிருந்து தெரியாது. தேங்கிய தண்ணீரைத் தாண்டி வந்தால் உடனே பிரேக்கை நாலைந்து முறை லேசாக மிதித்து உலர்த்த வேண்டும்.

பனிமூட்டம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆற்றங்கரையில் விடியற்காலை பாதி நாள் அதுதான். சரியாகத் தெரியவில்லை என்று பிரைட் போட்டால் வெளிச்சம் பனித்துளியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும், வெள்ளைச் சுவர் மாதிரி. டிம்தான் போட வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் போகும். கண்ணில் பட்டுக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்றால், பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் முன்பே 14 மீட்டர் போய்விட்டது. அதோடு, வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க நாலு மடங்கு தூரம் வேண்டும். பனியில் எவ்வளவு தூரம் தெரிகிறதோ அதற்குள் நிற்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். சில நாள் அது 20தான். பின்னால் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

ஒருநாள் டீச்சர் சித்தப்பாவைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வகுப்பு எடுத்தார். வகுப்புகளுக்கு நடுவே நான் அவரோடுதானே பழக வேண்டும். அவர் மனம் நோகாமல், "அண்ணே, உங்களுக்கு மூணு வார்த்தைதான். மெதுவா, நிறுத்து, சரி. மத்ததெல்லாம் வண்டி நின்ன பிறகு பேசிக்கலாம்" என்றார். சித்தப்பா அதை அப்படியே கடைப்பிடித்தார். வீட்டு ஆளோடு பழகுகிறவர்கள் இந்த ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவரையும் வீட்டில் கூட வருகிறவரையும் ஒருமுறை ஒரே வண்டியில் உட்கார வையுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும் குழப்பம் அத்தோடு தீர்ந்தது.

நான் கரைச் சாலையில் நன்றாக ஓட்ட ஆரம்பித்ததும் இனி டெஸ்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். டீச்சர் இன்னும் ஆறு வகுப்பு டவுனில் என்றார். எனக்கு மனத்தாங்கல்தான். போய்ப் பார்த்த பிறகு புரிந்தது. எங்கள் ஊர் ரோடு எனக்கு வண்டியைப் பழக்கியிருந்தது, மனிதர்களைப் பழக்கவில்லை. சிக்னலில் பின்னால் பத்து வண்டி நிற்க, பச்சை விழுந்ததும் கால் நடுங்கும். ரவுண்டானாவில் எப்போது நுழைவது என்று தெரியாது. நடந்து போகிறவர் திடீரென்று திரும்புவார். ஆறு வகுப்பிலும் முடிந்தவரை டெஸ்ட் நடக்கும் இடத்தைச் சுற்றியே ஓட்டினோம். அப்படியும் முதல் டெஸ்டில் தோற்றேன். ஒரு நிறுத்தக் கோட்டில் வண்டியை முழுக்க நிறுத்தாமல், ஊர்ந்தபடியே இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் ஊர் முக்கில் எப்போதும் அப்படித்தான், அங்கே யாரும் வருவதே இல்லை. யாரும் வராத ரோட்டில் படியும் பழக்கம் நமக்கே தெரியாது. அடுத்த மூன்று வாரம் எங்கள் முக்கிலும் சக்கரம் முழுசாக நின்று, மனதுக்குள் மூன்று எண்ணிய பிறகே எடுத்தேன். இரண்டாவது தடவை பாஸ்.

உரிமம் கைக்கு வந்தும் வேனை உடனே எடுத்துவிட முடியவில்லை. டீச்சர் வண்டி டீசல், கிளட்சை மட்டும் விட்டாலே நகரும். எங்கள் வேன் பழைய பெட்ரோல், கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுக்காவிட்டால் ஆஃப் ஆகும். தட்டு ஏற்றினால் பின்னால் எதுவும் தெரியாது, பக்கக் கண்ணாடிகள்தான் கதி. ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி ஒரு சுற்று பார்த்துவிட்டு ஏற வேண்டும். இதற்காக டீச்சர் இரண்டு வகுப்பு எங்கள் வேனிலேயே வந்தார். எந்த வண்டியை ஓட்டப் போகிறீர்களோ அதில் ஒன்றிரண்டு வகுப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் தனிப் பயணத்தில் 40 தட்டு. விடிகாலை, பனி. டிம் போட்டுக்கொண்டு 20, 25லேயே போனேன். பாலத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் எதிரே ஒரு லாரியின் வெளிச்சம் இரண்டு முறை மின்னியது. விளக்கு மின்னினால் நீ வா என்றும் அர்த்தம், நான் வருகிறேன் என்றும் அர்த்தம். ஓட்டுபவரின் மனதுக்குத்தான் தெரியும். நம்பி முன்னே போகாமல் நிறுத்து என்பது டீச்சர் பாடம். நிறுத்தினேன். லாரி ஏற்கெனவே பாதிப் பாலம் வந்துவிட்டது, நான் சில அடிதான். இறங்கிப் பின்னால் யாரும் இல்லை என்று பார்த்தேன், ஏறி, இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தபடி ரிவர்ஸ் எடுத்து, கரையில் ஒதுங்கினேன். லாரிக்காரர் கடக்கும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

நாற்று வாங்குபவர் வேன் பின்கதவைத் திறந்து தட்டுகளை எண்ண ஆரம்பித்தார். நான் பார்த்தது எண்ணிக்கையை அல்ல. இறக்கி முடித்ததும் டீச்சருக்குப் போன் போட்டேன்.

"எத்தனை தட்டு சாஞ்சுது?"

"ஒண்ணும் சாயல டீச்சர். ஒண்ணே ஒண்ணு ஒரு சாண் நகர்ந்திருக்கு."

"எங்க?"

"பாலத்துல ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினப்ப இருக்கும்."

"சரி. வியாழக்கிழமை வரேன், ரிவர்ஸ்ல நிறுத்தறது மட்டும் ஒரு மணி நேரம் பாத்துடலாம்."